குளிக்கத் தடை

குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். ஆனால் அருவியை யாரும் மறைப்பதில்லை. எண்ணெய்த் தலையும் துண்டுமாக நிற்கும் கூட்டத்துக்கு எல்லாம் தெரிகிறது. இப்போது போக முடியாது. ஏன் என்பதும் கண்ணெதிரே இரைந்து விழுகிறது. தண்ணீர் குறைந்தால் விடுவார்கள், அதனால் நிற்கிறார்கள்.

கைபேசித் திரையை வடிவமைக்கிறவர்களுக்கும் இதுபோல ஒரு கேள்வி உண்டு. இந்த நேரத்தில் பயன்படாத பொத்தானை மங்கலாக்கி விடுவதா, எடுத்தே விடுவதா? குற்றாலத்தை அடுத்த தென்காசிக்கு இது அந்நியமான பேச்சல்ல. 2011 முதல் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. உலகத்துக்கான மென்பொருளை இங்கே வயல்வெளிக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

பிறகு கிடைக்கக்கூடிய எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 2000, அதிகம் தொடாத கட்டளைகளை மெனுவிலிருந்து ஒளித்து வைத்தது. இடம் நெரிசலாகாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஒளிந்ததைத் தேடுகிறவருக்கு, அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும்.

மங்கலாக்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. கணினியில் மவுஸைப் பொத்தான்மேல் நிறுத்தினால் காரணம் சொல்லும் சின்னப் பெட்டியை எழ வைக்கலாம். விரலுக்கு அந்த வழி கிடையாது. வெயிலில் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடாவது வேண்டும் என்கிறது. ஆனால் செயலற்ற பொத்தானுக்கு விலக்கு தருகிறது. அந்த விலக்கை என்னால் ஏற்க முடியவில்லை. தடுத்து நிறுத்தப்பட்டவருக்குத்தானே எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்?

தென்காசியில் என் அத்தை ஒரு செயலியில் படிவம் நிரப்பிவிட்டு, "எய்யா, இது ஏன் அமுங்க மாட்டேங்கு?" என்று போனை நீட்டினாள். திரையைத் தள்ளிப் பார்த்தால் சம்மதக் கட்டம் ஒன்று டிக் விழாமல் கிடந்தது. அவளோ தன் விரலைச் சந்தேகப்பட்டு, சேலையில் துடைத்துத் துடைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே 'அனுப்பு' பொத்தான் உயிரோடு இருந்திருக்க வேண்டும்; அமுக்கியதும் விடுபட்ட கட்டத்துக்கே அழைத்துப் போய்க் காட்டியிருக்க வேண்டும். மெனுவில் எதையும் மறைக்காதீர்கள், மங்கலாக்காதீர்கள், அமுக்கினால் காரணம் சொல்லுங்கள் என்று மென்பொருள் வல்லுநர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2008-லேயே எழுதிவிட்டார்.

மறைக்க வேண்டியவையும் உண்டு. நிர்வாகிக்கு மட்டுமே உரிய 'நீக்கு' பொத்தானை, அந்த அதிகாரம் எந்நாளும் வராத ஊழியர் முன் மங்கலாக வைத்து என்ன பயன்? எடுத்துவிடலாம். ஆனால் திரை கண்முன் இருக்கும்போதே எடுத்து, மற்ற பொத்தான்களை நகர்த்தக் கூடாது. வேறொன்றில் விரல் விழும்.

தமிழில் இன்னொரு சங்கடம். நம் சொற்கள் நீளம். இடம் பற்றாதபோது முதலில் வெட்டுவது பொத்தானருகே காரணம் சொல்லும் ஒரு வரியைத்தான். என்னைக் கேட்டால், அலங்காரப் படத்தை எடுத்துவிட்டு வரியை வைக்கச் சொல்வேன்.