பேரலுக்கு நூல் சுத்துற கதை!

அம்பாசமுத்திரம் பக்கம் பொறந்தவங்களுக்கு நூல் சுத்துறதைப் பத்தி யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். பக்கத்துல விக்கிரமசிங்கபுரத்துல மில்லு. தெருவுக்கு ஒரு தாத்தாவாவது, 'நான் ஸ்பின்னிங்ல இருந்தவனாக்கும்'னு மீசையைத் தடவுவார். அதனாலயோ என்னவோ, ரைஃபிள் பேரல் மேல கார்பன் இழையைச் சுத்தி இறுக்குறாங்கனு எங்க மெக்கானிக்கல் கிளாஸ்ல கேட்டப்ப, 'அட, நம்ம ஊரு வேலை!'னு தோணுச்சு.

நோட்டை மூடினதும் மறந்திருப்பேன். விடலையே என் என்.சி.சி. ஜூனியர்! பாபநாசம் பக்கத்துப் பொண்ணு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். கேம்ப்ல .22 ரைஃபிளைத் தொட்ட நாள்லேர்ந்து ஷூட்டிங் பைத்தியம். ஒருநாள் ஏதோ ஒரு வீடியோவைக் காட்டி, "ஏக்கா, இந்த கார்பன் பேரல் இருந்தா கை ஆடாதாமே? அம்மாகிட்ட ஒரு செயின் கெடக்கு. கேட்டுப் பாக்கட்டா?"ன்னா.

செயின்னு கேட்டதும் எனக்குத் தூக்கம் போச்சு. அந்த வீட்டுல இருக்கிறதே அது ஒண்ணுதான். லைப்ரரியில உட்கார்ந்து, எங்க சாரையும் படுத்தி எடுத்து, தெரிஞ்சுக்கிட்டதை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிடறேன்.

உள்ளே மெல்லிசான ஸ்டீல் குழாய். தோட்டாவைச் சுழலவைக்கிற சுருள் காடி எல்லாம் அதுலதான். அது மேல கார்பன் இழையை எபாக்ஸி பசையில நனைச்சு, கோன்ல நூல் ஏத்துற மாதிரி கோணம் மாத்தி மாத்திச் சுத்தி, சூட்டுல இறுக வைப்பாங்க. அமெரிக்காவுல ப்ரூஃப் ரிசர்ச், கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ்னு சில கம்பெனிகள் இதுல ஃபேமஸ்.

லாபம் என்னன்னா, ஸ்டீலோட அடர்த்தி 7.8; இந்தக் கார்பன் கலவையோடது 1.6 சொச்சம். அதனால பேரல் தடியா இருந்தும் கனக்காது. தடிமனுக்கு ஏன் இவ்வளவு மவுசு? ஒரு கம்பியோட விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா, அது வளையாம நிக்கிற விறைப்பு 16 மடங்கு ஏறும். சுடும்போது பேரல் லேசா சாட்டை மாதிரி அதிரும். விறைப்பு கூடினா அந்த ஆட்டம் அடங்கும். கவனிங்க... அடங்குறது பேரலோட ஆட்டம். கை ஆடுறது வேற கதை!

சூடு விஷயத்துலதான் சண்டையே. 'எங்க பேரல் சீக்கிரம் ஆறும்'னு விளம்பரம் பண்றாங்க. ஹாட்பேக்கைத் தொட்டா சுடாது. அதுக்காக உள்ள இருக்குற இட்லி ஆறிப்போச்சுன்னு அர்த்தமா? எபாக்ஸி பசை வழியா வெப்பம் வெளியே வர்றது சிரமம். இன்னொரு வில்லங்கமும் உண்டு. சூட்டுல ஸ்டீல் நீளும். கார்பன் இழை அதோட நீளவாக்குல ஏறக்குறைய அசையவே அசையாது. ரெண்டையும் ஒட்டவெச்ச வேலை சுத்தமா இல்லைன்னா, பேரல் சூடேற ஏற குறி நகரும். விலையோ சாதா ஸ்டீல் பேரலைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

இவ்வளவும் கேட்டுட்டு, "வெயிட் கம்மிதானக்கா? எனக்கு அதானே வேணும்!"னா.

அங்கதான் இருக்கு ட்விஸ்ட். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில துப்பாக்கி 8 கிலோ வரை இருக்கலாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல 5.5 கிலோ. பெரிய பிளேயர்ஸ் கனத்தைக் குறைக்கப் பாக்குறதில்ல. பேரல் மேல தனியா வெயிட் வாங்கி மாட்டுறாங்க! கனம் இருந்தாத்தான் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் துப்பாக்கி துள்ளாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் ஜெயிச்சதும் இந்த 50 மீட்டர் ரைஃபிள்லதான். போதாக்குறைக்கு .22 தோட்டா சின்னது. பேரலைப் பெருசா சூடாக்குற அளவுக்கு அதுல மருந்தும் கிடையாது.

அப்ப இந்தப் பேரல் யாருக்கு? நாள் முழுக்க மலையேறி ரெண்டு மூணு ரவுண்டு சுடுற வெளிநாட்டு வேட்டைக்காரங்களுக்கு. நம்ம நாட்டுலதான் 1972-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சே! அதுலயும் எங்க மலை 1988-லேர்ந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பிடுங்கிடுவாங்க. துப்பாக்கியோட போனா..?

கார்பனை மட்டம் தட்டுறதா நினைச்சுடாதீங்க. இதே மலைத்தொடர்ல தெற்கே மகேந்திரகிரியில, 2024 மார்ச், ஏப்ரல்ல இஸ்ரோ ஒரு ராக்கெட் நாசிலை ஓடவிட்டு டெஸ்ட் பண்ணுச்சு. முழுக்க கார்பன்-கார்பன். எபாக்ஸி இருக்க வேண்டிய இடத்துலயும் கார்பனே இருக்கிறதால, தகிக்கிற சூட்டையும் தாங்குது. எடை மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சு, பி.எஸ்.எல்.வி. 15 கிலோ கூடுதலா சுமக்குமாம். அங்க ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு இருக்கு.

செயின் இன்னும் அம்மா கழுத்துலதான். ஜூனியர் இப்ப விடியக்காலையில மொட்டை மாடியில மணல் நிரப்பின பாட்டிலை ரைஃபிள் பிடிக்கிற மாதிரி நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. போன வாரம் மறுபடி போன். "ஏக்கா, ஷூட்டிங் ஜாக்கெட் செகண்ட் ஹேண்ட்ல எங்க கிடைக்கும்?"