அளவு ரவிக்கை

தையல் கடைக்குக் கிளம்பும்போது அம்மா மறக்காமல் பையில் எடுத்து வைப்பது அளவு ரவிக்கையைத்தான். அது இருந்தால் முன்பின் தெரியாத ஓர் ஆண் நம்மேல் டேப் வைக்க வேண்டியதில்லை. மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை என்று கடையில் யார் காதிலும் விழ வேண்டியதில்லை. அம்மாவுக்கு இதில் ஒரு நிம்மதி. எனக்கும்தான். ஆனால் என் அளவு ரவிக்கை மகள் பிறப்பதற்கு முன் தைத்தது. 12 ஆண்டுகளாக, இப்போது இல்லாத ஓர் உடம்புக்குத் துணி தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போட்டுப் பார்த்துக் கை பிடித்தால் நான் பெருத்துவிட்டேன் என்று என்னைத்தான் திட்டிக்கொள்வேன்.

சென்ற அக்னி நட்சத்திரத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற, இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்த ஒரு பருத்திக் கவுனுக்கு ஆசைப்பட்டேன். "லேடீஸுக்குப் பாக்கெட் வெச்சா இடுப்பு பெருசாத் தெரியும்மா" என்றார் தையல்காரர். சரி, நானே தைத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். அமெரிக்காவிலிருந்து தோழி ஒருத்தி எப்போதோ கொண்டுவந்து கொடுத்த பேட்டர்ன் உறை பீரோவில் கிடந்தது.

அந்த உறை அளவு ரவிக்கை கேட்கவில்லை. எண் கேட்டது. கதவைத் தாழிட்டுக்கொண்டு 43 வயதில் முதல் முறையாக என்னை நானே அளந்தேன். மார்பு 40 அங்குலம், இடுப்பு 37, இடுப்புக்குக் கீழே 44. உறையின் பின்பக்க அட்டவணையில் 40 என்பது 18ஆம் சைஸ், 37 என்பது 22, 44 என்பது 20. ஒரே உடம்பில் மூன்று பேர்.

அட்டவணை யாருடையது என்று தேடிப் படித்தேன். 1863இல் மாசசூசெட்ஸின் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர், சைஸ் வாரியாக வெட்டிய காகித வடிவங்களை விற்கத் தொடங்கினார். யோசனை அவர் மனைவி எலனுடையது என்பார்கள். கடையே இல்லாத ஊர்ப் பெண்களும் இந்தக் காகிதத்தை வைத்து வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். பிறகு 1939, 40ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. உடைக்கும் பேட்டர்னுக்கும் பொதுவான அளவு காண்பதுதான் நோக்கம். ஒவ்வொரு பெண்ணிடமும் 59 அளவுகள் எடுத்தார்கள். வெள்ளையரல்லாத பெண்களும் வந்து நின்று அளவு கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய எண்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று கதவைத் தாழிட்டுக்கொண்டு நான் வெட்கப்பட்டது இப்படிப்பட்ட கணக்குகளின் முன்னால்தான்.

ஆனால் பேட்டர்ன் காகிதம் ஒரு சலுகையும் தருகிறது. எல்லா சைஸின் கோடுகளும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அதிலேயே அச்சாகியிருக்கின்றன. அக்குளில் 18இன் கோட்டில் தொடங்கி, இடுப்பில் 22க்கு விரித்து, கீழே 20க்கு வந்து சேர்கிற மாதிரி பென்சிலால் ஒரு வளைவு போட்டேன். முதலில் காடாத் துணியில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பார்த்தேன். தோள் இறங்கியது, அரை அங்குலம் பிடித்தேன். பிறகுதான் நல்ல துணியை நனைத்துக் காயவைத்து, காகிதத்தில் இருந்த அம்புக்குறியைத் துணிக்கரைக்கு இணையாக வைத்துக் கத்தரி போட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் காகிதத்தை மீறினேன். தையலுக்கு அது விடச் சொன்னது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. நம் தையல்காரர்கள் பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது உள்ளே மடித்து விடுவார்கள், பின்னால் பிரித்து விட. பாக்கெட் தர மறுத்தவருக்கும் பெண் உடம்பு மாறும் என்பது தெரிந்திருக்கிறது. நானும் ஓர் அங்குலம் விட்டேன்.

நான்கு நாளில் கவுன் முடிந்தது. கழுத்துப் பட்டி ஓரிடத்தில் சுருங்கித்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபோது, அம்மா வந்து என் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளங்கை முழுசாக உள்ளே போனது. 50 வருடங்களாகச் சில்லறையை முந்தானையிலும் சாவியை இடுப்பிலும் செருகிக்கொண்ட கை அது.

"எனக்கு ஒரு நைட்டி தையேன். இதே மாதிரி பாக்கெட் வெச்சு."

டேப்பை எடுத்து வந்தேன். அம்மா உள்ளே போய் அளவு ரவிக்கையைத் தேடத் தொடங்கினார். வேண்டாம் என்று கூப்பிட்டு, கூடத்தில் நிற்கவைத்து, டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். அம்மா மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"விடும்மா, மூச்சை விடு" என்றேன். விடும்வரை டேப்பைப் பிடித்தபடி நின்றேன்.