பேசினுக்குள் மாலிங்க

நீல பிளாஸ்டிக் பேசின். அதில் நாலு விரற்கடைத் தண்ணீர், நடுவில் ஒரு செங்கல். செங்கலின் மேல் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு ஆமை கழுத்தை நீட்டி நிற்கிறது. கறுத்த ஓட்டில் மேடு மேடாகக் கட்டங்கள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்கதிராகப் பிரிந்து இறங்குகின்றன. ஒரு கட்டத்தில் மட்டும் சிவப்புக் கியூட்டெக்ஸால் 'மா' என்று எழுதியிருக்கிறது. மாலிங்கவின் 'மா'. கிரிக்கெட் யோர்க்கர் மன்னனின் பேரை ஆமைக்கு வைத்த பொடியனுக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றாமலே வேலியோரச் செவ்வரத்தையில் ஒரு பூவைப் பறித்து அதன் வாய்க்கு நேரே பிடிக்கிறான். ஆமை அவசரப்படவில்லை. இதழின் ஓரத்தைக் கவ்வி, தலையைப் பின்னுக்கு இழுத்து, கிழித்து விழுங்குகிறது. வாயோரமெல்லாம் சிவப்பு.

மட்டக்களப்பு நாவற்குடாப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து வாவிக்கு இறங்குகிற ஒழுங்கை. முகப்பில் தேத்தண்ணிக் கடை, வெளியே ஒரு வாங்கு. வாங்கில் இருப்பவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிளேன்டீ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம். முதல் வளவில் ஒரு ரொட்வைலர். ஆள் நடந்தாலும் குரைக்கும், நடக்காவிட்டாலும் குரைக்கும். அடுத்த வளவில் ஒரு சேவலும் அதன் பரிவாரமும். சேவலுக்கு விடியல் என்றால் இரவு இரண்டரை மணி. எதிரே ஓய்வுபெற்ற மாஸ்டர் வீடு. அவரிடம் வளர்ப்புப் பிராணி எதுவும் இல்லை, காது மட்டும் இருக்கிறது. சேவல் வீட்டுக்கும் வாவிக்கும் நடுவில் ஆமை வீடு. பின்னேரங்களில் நாலைந்து கட்டாக்காலி மாடுகள் யாருடைய அனுமதியும் இன்றி ஒழுங்கையின் நடுவில் படுத்து அசை போடும். மாநகர சபை பிடித்துக் கட்டினால் சொந்தக்காரர் தண்டம் கட்டி மீட்பார். மறுகா இரண்டு நாளில் அதே மாடு அதே இடத்தில் கிடக்கும்.

ஆமை படுவான்கரையிலிருந்து வந்தது. வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு, பொடியனின் மாமா வரம்போரம் கண்டு எடுத்து, உரச்சாக்கில் போட்டு, மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். 2014இல் பாலம் திறக்கும் முன்னர் என்றால் பாதை எனும் மிதவையில் ஏற்றித்தான் வாவியைக் கடத்தியிருக்க வேண்டும்.

பொடியனின் பெத்தா காலையும் மாலையும் பேசின் தண்ணீரை மாற்றுகிறா. ஆமை என்றால் தண்ணீர்தானே என்பது அவவின் கணக்கு. குளத்து ஆமைக்கு அது சரி. இது நட்சத்திர ஆமை, தரையில் திரிகிற சாதி. கால் விரல்களுக்கிடையில் சவ்வு இல்லை. யானைக் குட்டியின் காலைச் சிறிதாக்கி ஒட்டினதுபோல் உருண்டைத் தூண். நீந்தத் தெரியாது. அந்தச் செங்கலை யார் வைத்தார்களோ, அவர்தான் இதன் உயிரைக் காத்தவர்.

கீரை கேட்டு வந்த கிழவி ஒருத்தி பேசினைக் கண்டு நெஞ்சில் கை வைக்கிறா.

"ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாதெண்டு தெரியாதாகா உனக்கு?"

"தானாப் பூந்தாத்தானே அது? இது மருமகன் சாக்குல கொண்டு வந்தது" என்கிறா பெத்தா, முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே.

சட்டம் இதை நேர் எதிராகப் பார்க்கிறது. தானாகப் புகுந்தால் ஒன்றுமில்லை, சாக்கில் கொண்டு வந்தால்தான் வில்லங்கம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 2009 திருத்தம் அதில் முக்கியமானது. பாலூட்டி, ஊர்வன, பறவை என்று வந்தால், பாதுகாப்பு இல்லாதவை எவை என்று பட்டியல் போட்டுவிட்டு மிச்சமெல்லாம் தன் பொறுப்பு என்கிறது. தேவாங்கு, அழுங்கு, உடும்பு, நட்சத்திர ஆமை எல்லாம் அந்த மிச்சத்துக்குள். நாய்க்கு வேறு சட்டங்கள்: விசர்நாய்க்கடிக்கு 1893இல் ஒன்று, பதிவுக்கு 1901இல் ஒன்று. யானைக்கு 2021 ஓகஸ்டில் தனி வர்த்தமானியே வந்தது. வளர்ப்பு யானையைத் தினமும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டுமாம், பாகன் வேலை நேரத்தில் குடிக்கக் கூடாதாம். வாசித்தபோது யானையாகப் பிறந்திருக்கலாம் போலிருந்தது. இத்தனை சட்டமும் அந்தப் பிராணி எங்கிருந்து வந்தது, கடிக்குமா, பதிந்ததா என்று கேட்கின்றன. பக்கத்து வீட்டுக்காரன் நித்திரை கொண்டானா என்று இவற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும், அல்லது தொல்லை என்று நீதவானிடம் போக வேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது?

ஆனால் ஆமைக்கு ஒரு இலக்கம் இருக்கிறது. 1992. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர அழைப்பு. மாரி வெள்ளத்தில் வாவி முதலை வளவுக்குள் ஏறினால் அடிப்பதும் அதே இலக்கம்தான்.

திணைக்களத்தின் கெப் வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பியபோது மாடுகள்தான் முதலில் எதிர்ப்புத் தெரிவித்தன. ஹோர்ன் அடித்து, சாரதி இறங்கிக் கையால் தட்டி, வழி எடுத்தார்கள். ரொட்வைலர் கேற்றில் பாய்ந்தது. சேவல் வீட்டுக்காரர் திண்ணையில் இருந்து பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். போன மாதம் அவருக்கும் ஆமை வீட்டுக்கும் அரை முழ வேலிக்காகப் பெரிய வாய்த்தர்க்கம் நடந்தது. யார் தொலைபேசி எடுத்தது என்று ஒழுங்கைக்குத் தெரியும். ஒழுங்கை சொல்லவில்லை.

உத்தியோகத்தர் இளம் ஆள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஆமையை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அடி ஓடு உள்வாங்கிக் குழிந்திருந்தது.

"கடுவன். பெட்டைக்கு இந்த இடம் சப்பட்டையா இரிக்கும்."

"அவன் ஒருத்தரையும் கடிக்கல்ல சேர்" என்றான் பொடியன்.

"தெரியும் தம்பி. இது வீட்டில வளக்க ஏலாது, சட்டம் விடாது."

"வயலுக்க கொண்டுபோய் விட்டா?"

"சும்மா விடேலா. முதல்ல மிருக வைத்தியர் பாக்கணும். இஞ்ச ஏதும் நோய் தொத்தியிருந்தா அங்க இரிக்கிற ஆமையளுக்கும் கொண்டுபோய்க் குடுக்கும். இந்தக் கியூட்டெக்ஸும் போகணும். நீ சுரண்டாத, விடு."

பொடியன் விரலை எடுத்தான். கொஞ்ச நேரம் யோசித்து, "மீன் கடையில குட்டி ஆமை விக்கிறாங்களே, பச்சை ஆமை?" என்று கேட்டான்.

"அது அமெரிக்க ஆமை."

"அதுவும் ஆமைதானே?"

உத்தியோகத்தர் படிவத்தைத் தேடினார். செங்காது ஆமை என்கிற அந்தப் பச்சைக் குட்டி, உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச அமைப்பு ஒன்று வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. பெருத்துவிட்டால் ஆட்கள் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள்; உள்ளூர் ஆமையின் தீனும் வெயில் காயும் இடமும் அதற்குப் போகின்றன. பொடியனின் கேள்வி சில்லறைக் கேள்வி இல்லை.

நட்சத்திர ஆமை இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் மூன்றிலும்தான் இயற்கையாக வாழ்கிறது. அழகே அதற்கு எமன். உலகில் மிகுதியாகக் கடத்தப்படும் தரை ஆமைகளில் ஒன்று. காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் கூடுவதாக இருந்தது. ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன, அவற்றில் ஒன்று இந்த ஊர் சீயோன் தேவாலயத்தில். மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவுக்குப் போய்விட்டது. இந்தியாவும் இலங்கையும் வேறு இரு நாடுகளும் சேர்ந்து கேட்டு, நட்சத்திர ஆமையை முதலாம் பின்னிணைப்புக்கு ஏற்றியது அங்கேதான். காட்டில் பிடித்ததை வைத்து நாடு விட்டு நாடு வியாபாரம் செய்வதற்கு அத்தோடு பூட்டு. இந்த ஒழுங்கையில் அது ஒருவருக்கும் தெரிய நியாயமில்லை. அந்த வருஷம் இங்கே யாருக்கு ஆமை ஞாபகம்?

பெத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முழுக்க வாசித்தா. சாக்கு, மருமகன் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தா. பிறகு முத்து முத்தான எழுத்தில் கையெழுத்து வைத்தா. ஆமை அட்டைப் பெட்டிக்குள் போனது. பொடியன் ஒரு செவ்வரத்தம்பூவையும் உள்ளே போட்டான். உத்தியோகத்தர் தடுக்கவில்லை.

கெப் கதவு சாத்துகிற நேரம் பார்த்து மாஸ்டர் ஒழுங்கையைக் கடந்து வந்தார். கையில் ஒரு கொப்பி. சேவல் கூவிய நேரங்கள் திகதி வாரியாக.

"தம்பி, சத்தமே போடாத பிராணிக்கு வாகனம் வருது. ராவு ராவாக் கூவுறதுக்கு ஒரு சட்டம் இல்லையா?"

"கோழி எங்கட டிப்பாட்மென்ட் இல்ல சேர். மாநகர சபையில கேளுங்க, பி.எச்.ஐ.யிட்டச் சொல்லிப் பாருங்க."

"அவர் மத்தியஸ்த சபையைச் சொல்றார்."

"அப்ப அங்கதான்."

பத்திரிகை கீழே இறங்கியது. சேவல் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேற்றுக்கு வந்தார்.

"மாஸ்டர், சேவல் எண்டாக் கூவும். கூவாம வானொலிச் செய்தியா வாசிக்கும்?"

"இரண்டரைக்குச் செய்தி இல்லையே ஐயா!"

உத்தியோகத்தர் சாரதியைப் பார்த்தார். சாரதி பின்னால் பார்த்தார். மாடுகள் திரும்பவும் படுத்துவிட்டிருந்தன.