குழிகள் எங்கே போயின?

தரம் ஐந்தில் படிக்கும் என் தம்பிக்காக ஒரு கணினி விளையாட்டுச் செய்யத் தொடங்கினேன். ஒரு முச்சக்கர வண்டி எங்கள் வீதியில் ஓட வேண்டும். குழி, மாடு, மணல் குவியல் எதிலும் மோதக் கூடாது. அவ்வளவுதான். (எங்கள் வீதியைக் கண்டவர்களுக்கு இதில் கற்பனை குறைவு என்பது விளங்கும்.)

நான் பயன்படுத்துவது கோடோ என்ற கேம் என்ஜின். ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கியது. 2014இல் அதன் நிரலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நானாவின் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது.

தம்பி ஒவ்வொரு கட்டத்தையும் சதுரக் கோட்டுக் கொப்பியில் வரைந்து தருவான். நான் எடிட்டரில் குழிகளை ஒவ்வொன்றாக வைப்பேன். நாற்பது குழி என்றால் நாற்பது தடவை அதே வேலை. தவணைப் பரீட்சை நெருங்கியதும் எனக்கு நேரமில்லை, அவனுக்குப் பொறுமையில்லை. "நானே வைக்கிறன் ராத்தா, காட்டித் தாங்க" என்று வந்து உட்கார்ந்தவன், எடிட்டரில் நிறைந்திருந்த ஆங்கிலச் சொற்களைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனான்.

அதனால்தான் ப்ளகின் எழுத நினைத்தேன். ப்ளகின் விளையாட்டுக்குள் வருவதல்ல. விளையாட்டைச் செய்யும் எடிட்டருக்கு நாமே பூட்டும் ஒரு பகுதி. கோடோவின் எடிட்டரும் கோடோவைக் கொண்டே செய்யப்பட்டது. ஆகவே விளையாட்டில் பொத்தான் செய்யத் தெரிந்தால் எடிட்டரிலும் செய்யலாம். அடொன்ஸ் என்ற கோப்புறைக்குள் ப்ளகினின் பெயரையும் பதிப்பையும் சொல்லும் ஒரு சிறு கோப்பு, அதோடு ஒரு நிரல். நிரலின் தலையில் டூல் என்ற குறிச்சொல்லைப் போட்டால், விளையாட்டை ஓட்டாமலே அது எடிட்டருக்குள் இயங்கும். ப்ளகினை நிறுத்தும்போது நாம் சேர்த்த பலகையை நாமே கழற்றவும் வேண்டும். அதை மறந்து நிறுத்தி நிறுத்தி இயக்கியதில், ஒரே மாதிரி நான்கு பலகைகள் வந்து நின்றன!

கடைசியில் 'குழி', 'மாடு', 'மணல்' என்று மூன்று தமிழ்ப் பொத்தான்கள். அஸருக்குப் பிறகு உட்கார்ந்த தம்பி மஃரிப் வரை எழும்பவில்லை. கொப்பியையும் தொடவில்லை. சேமித்துவிட்டு மூடச் சொன்னேன், அப்படியே செய்தான்.

அடுத்த நாள் திறந்தால் வெறும் வீதி.

"எங்க ராத்தா என்ட குழியெல்லாம்? நீங்க சொன்ன மாதிரித்தானே சேவ் பண்ணின?" அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு இரவு தேடினேன். கோடோவில் ஒரு காட்சிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'ஓனர்' என்று ஒன்று உண்டு. கையால் வைத்தால் எடிட்டரே அதை நிரப்பிவிடும். நிரலால் வைத்தால் நாம்தான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் பொருள் திரையில் தெரியும், ஆனால் சேமிக்கும் கோப்பில் எழுதப்படாது. எடிட்டரின் பட்டியலிலும் அதன் பெயர் வராது. முதல் நாளே அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்ததைக் கண்டேன். திரையில் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தீர்வு ஒரேயொரு வரி. அதையும் முதலில் தவறான இடத்தில் எழுதிச் சிவப்பு எழுத்தில் பிழை வாங்கினேன். பொருளைக் காட்சியில் சேர்த்த பிறகுதான் அதற்கு ஓனரைக் கொடுக்கலாம். கன்ட்ரோல் இசட்டும் தானாக வேலை செய்யாது. ஒவ்வொரு செயலோடும் அதை எப்படித் திருப்புவது என்பதையும் எடிட்டரிடம் பதிந்து கொடுக்க வேண்டும். பத்து வயதுக்காரன் கையில் கொடுக்கும் பொத்தானுக்கு இது கட்டாயம் தேவை. அதையும் எழுதினேன்.

"இப்ப சரி, வந்து வையுங்க" என்றேன். ஒரேயொரு குழியை வைத்தான். சேமித்தான், மூடினான், திரும்பத் திறந்தான். குழி இருந்தது. ஒன்றும் பேசாமல் இன்னொன்று வைத்தான்.

இப்போது ஏழு கட்டங்கள் முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் முதலில் கொப்பியில் வரைந்துவிட்டுத்தான் கணினிக்கு வருகிறான்.