மணலில் துள்ளாத பந்து

முட்டம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். 'அலைகள் ஓய்வதில்லை' 1981இல் வந்தது, 'கடலோரக் கவிதைகள்' 1986இல். பாரதிராஜா எங்கள் பாறைகளையும் கோயிலையும் தமிழ்நாடு முழுக்கக் காட்டிவிட்டார். ஊருக்குள் வளர்ந்த எனக்கு முட்டம் என்றால் முதலில் மணல். வீட்டு நடையில் மணல், படுக்கிற பாயில் மணல், பாத்திரம் துலக்கும் இடத்தில் மணல். கடலோரம் ஈரமணல், கொஞ்சம் மேலே ஏறினால் செம்மணல் தேரி. கட்டுமரங்கள் கரையேறி, மீன் ஏலம் போய், வலைகளை உதறிக் காயப்போட்ட பிறகு அந்த ஈரமணலில் பையன்கள் கால்பந்தோடு இறங்குவார்கள். கம்பு ஊன்றினால் கோல், கோடு கிழித்தால் எல்லை. குமரிக் கடற்கரையில் கால்பந்து இவ்வளவு செழித்ததற்கு அந்த மணலும் ஒரு காரணம். யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை.

கால்பந்தும் கபடியும் கைப்பந்தும் மணலைப் பொறுத்துக்கொள்ளும். கூடைப்பந்து பொறுக்காது. மணலில் ஓங்கித் தட்டிப் பாருங்கள், பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். தட்டிக்கொண்டே ஓடுகிற ஆட்டத்துக்குக் கெட்டித் தரை வேண்டும். எங்கள் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. கெட்டித் தரை என்று எங்களுக்கு வாய்த்தது கலங்கரை விளக்குக்கு ஏறும் தார்ச்சாலைதான்.

1875இலிருந்து எரிகிற விளக்கு அது. பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் வீசிவிட்டுப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் அந்தச் சாலைக்கு ஓடுவோம். கையில் இருந்தது பள்ளியில் கழித்துப்போட்ட ரப்பர் பந்து, வரியெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். சாலையோ சரிவு. கை ஒரு நொடி தப்பினால் பந்து உருண்டு வளைவைத் தாண்டிப் பாறைப் பக்கம் போய்விடும். அதனால் சரிவின் கீழ்ப்பக்கம் உடம்பை நிறுத்தி, மேட்டுப் பக்கத்தில் பந்தைத் தட்டப் பழகினோம். பந்துக்கும் எதிராளிக்கும் நடுவே உடம்பைக் கொடுப்பது கூடைப்பந்தின் பாலபாடம் என்பது பிற்பாடு தெரிந்தது. எங்களுக்கு அதைச் சொல்லித்தந்தது அந்தச் சரிவுதான்.

கூடையும் உண்டு. மீன் சுமந்து சுமந்து அடி நைந்த பனையோலைக் கடவம் ஒன்றைப் பெரியம்மை தூக்கிப்போட்டிருந்தாள். அதைப் பூவரச மரத்தில் கட்டினோம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது பீச் பழக் கூடைகளைத்தான் மாட்டினார் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அடுத்த ஆண்டே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்பித்துவிட்டார். பிறந்த கையோடு பெண்களிடம் வந்துவிட்ட விளையாட்டு இது. அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது: கல்வியில் தமிழ்நாட்டுக்கே முன்னால் நிற்கும் எங்கள் குமரி மாவட்டம், 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், அங்கே எங்கள் கடற்கரையிலிருந்து ஏன் ஒரு பெரிய ஆட்டக்காரி வரவில்லை?

திறமை இல்லாமல் இல்லை. எங்களில் மூத்தவள் ஒருத்தி, எல்லோருக்கும் அக்கா, தெருவிலேயே நெட்டை. வலை முடிகிறவள். வாசலில் கம்பில் வலையை மாட்டிக்கொண்டு ஊசியும் நூலுமாக மணிக்கணக்கில் முடிச்சுப் போட்ட விரல்கள் அவளுக்கு. பந்து அந்த விரல்நுனியை விட்டுப் போவதைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து முன்னால் மடங்கும். பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே மேலே போய்க் கடவத்தின் விளிம்பைத் தொடாமல் இறங்கும். அப்படி எறி என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒருமுறை பள்ளி அணியாக நாகர்கோவிலுக்குப் போனோம். வெயில் ஏறிய சிமென்ட் தரை, எங்கள் காலில் ஒன்றுமில்லை. எதிரணியில் ஆளுக்கொரு கேன்வாஸ் ஷூ. பந்து அக்காவின் கைக்குப் போன போதெல்லாம் உள்ளே விழுந்தது. ஆனால் அவளிடம் அதைக் கொண்டுசேர்க்க எங்களால் முடியவில்லை. சமதளத்தில், எதிரே கை விரித்து நிற்கும் ஆளைத் தாண்டிப் பந்தைத் தட்டிப்போக நாங்கள் பழகியிருக்கவே இல்லை. படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் ஆசிரியை வந்து, "இந்தப் பிள்ளையை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேருங்க, நான் ஃபாரம் வாங்கித் தாறேன்" என்றார்.

அக்காவின் அம்மை தலையில் கடவத்தோடு வெள்ளிச்சந்தை வரை நடந்து மீன் விற்பவள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "பொம்பளப் பிள்ளையை ஒத்தைக்கு எப்படி அனுப்ப? துணைக்கு யாரு போவா?" அக்கா போகவில்லை.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி அவளுடையது மட்டுமல்ல, ஊருடையது. குமரிக் கடற்கரையின் முக்குவ மீனவப் பெண்களிடையே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கடற்கரை ஆண்களின் இடம், இளம்பெண்கள் அங்கே நிற்கக்கூடாது, மீன் கடவத்தோடு வெளியூர்களுக்கு நடப்பது வயதான பெண்களுக்கே விடப்பட்டிருந்தது என்கிறார். நான் கண்டதும் அதுதான். எங்கள் ஊரில் காலிலும் கழுத்திலும் அசாத்திய வலு உள்ளவர்கள் நாற்பது தாண்டிய பெண்கள். அவர்கள் மைல் கணக்கில் நடந்தார்கள், வியாபாரிகளோடு மல்லுக்கட்டினார்கள், கடன் வாங்கிக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார்கள். நடமாடும் உரிமை எங்கள் பெண்களுக்கு இருந்தது, ஆனால் பிந்தி வந்தது. ஆட்டக்காரியை ஆக்கும் வயது பன்னிரண்டிலிருந்து பதினெட்டு. சரியாக அந்த ஆண்டுகளில்தான் எங்களை வீட்டுக்குள் இருத்தினார்கள். வயசுக்கு வந்தவளுக்குத் தார்ச்சாலையும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கும் மாலையில் மூவேளைச் செப மணி அடித்தால் ஆட்டம் முடிந்தது, செபமாலைக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

வேறு ஊர்கள் எப்படிச் செய்தன? கீத்து அன்னா ஜோஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்துச் சங்கனாசேரியில் படித்த கூடைப்பந்து வீராங்கனை, ஆறடிக்கு மேல் உயரம். ஆஸ்திரேலியக் கிளப் அணியில் ஆடினார், 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் மூன்று அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. 1956 நவம்பர் 1 வரை சங்கனாசேரியும் முட்டமும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். ஒரே மீன்குழம்பு, இரு பக்கமும் கன்னியர் நடத்தும் பள்ளிகள். அங்கே அசம்ப்ஷன் போன்ற பெண்கள் கல்லூரிகள் கூடைப்பந்தைக் கௌரவமாக நினைத்தன, விளையாட்டு விடுதிகள் இருந்தன, முடிவில் மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ வேலை காத்திருந்தது. 'துணைக்கு யார் போவது' என்ற கேள்விக்கு விடுதி பதில் சொன்னது. 'ஆடி என்ன கிடைக்கும்' என்பதற்கு வேலை பதில் சொன்னது. ரயில்வே பெண்கள் அணி தேசியப் போட்டிகளில் நெடுங்காலம் கோலோச்சியதன் ரகசியமும் அந்தச் சம்பளம்தான்.

வாரணாசியை நினைத்தால் இன்னும் ஆச்சரியம். பெண்களுக்குச் சுதந்திரம் தருவதில் பேர் வாங்கிய பகுதியல்ல அது. அங்கே ஒரே வீட்டில் பிறந்த திவ்யா, பிரசாந்தி, ஆகாங்க்ஷா, பிரதிமா ஆகிய நான்கு சகோதரிகளும் இந்தியாவுக்கு ஆடினார்கள். பிரசாந்தி சிங்குக்கு 2019இல் பத்மஸ்ரீ. ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிடலாம். நான் ஒப்ப மாட்டேன். வீட்டுப் பக்கத்தில் உதய் பிரதாப் கல்லூரி, அங்கே கூடைப்பந்துக் களம். மூத்தவள் போனாள், அவள் பின்னால் தங்கைகள் போனார்கள். துணைக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது.

நம் கடலூரைப் பாருங்கள், அதுவும் கடற்கரை, அதுவும் சுனாமி அடித்த மண். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஊரை விட்டுப் போகாமல் பெண்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை வந்தார், காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். கூடைப்பந்தில் நமக்குப் பேர் வாங்கித் தந்த அனிதா பால்துரை 2000 தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். தாயான பிறகும் திரும்பி வந்து ஆடினார். ஆனால் அவர் சென்னைப் பெண். 1920இல் ஹாரி பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாளிலிருந்து களங்களும் கிளப்புகளும் பயிற்சியாளர்களும் சேர்ந்துகொண்டே போன நகரம் அது. அங்கே பிறந்த பெண்ணுக்கும் தேரிமணலில் பிறந்த பெண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் திறமையால் மட்டும் தாண்டிவிட முடியாது.

கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். எங்கள் ஊர்க் கணக்கில் சுமார் பத்தரை சென்ட். சுற்றிலும் ஓடித் திரும்ப இடம் விட்டாலும் பதினைந்து சென்டுக்குள் அடங்கும். நெருக்கமான கடற்கரை ஊரில் அது சின்ன இடமில்லை, தெரியும். ஆனால் கோயிலைப் பெரிதாகக் கட்டவும் திருவிழாவை ஜோராக நடத்தவும் வளைகுடாவிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் பணம் அனுப்புகிற பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடமும் பங்குப் பேரவைகளிடமும் நான் கேட்பது இதுதான்: அடுத்த திருவிழாக் கணக்கு போடும்போது பதினைந்து சென்ட் சிமென்ட் தரைக்கும், இரண்டு கம்பங்களுக்கும், இரவில் எரிய ஒரு விளக்குக்கும், ஊரிலேயே தங்கும் ஒரு பெண் பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கும் தொகை ஒதுக்குங்கள். செபமாலை முடிந்த பிறகு நம் பெண்பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.