திருமுக்கூடல் கல்வெட்டும் மதீனத்துக் கூடாரமும்

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் நீங்கள் எத்தனையோ முறை பயணம் செய்திருப்பீர்கள். கலியாணத்திற்குப் பட்டெடுக்கச் சென்றிருப்பீர்கள். உறவினர் வீட்டு நிக்காஹ்விற்குச் சென்றிருப்பீர்கள். வழியில் பழையசீவரம் என்றோர் ஊர் வரும். பேருந்து சற்றே நின்று புறப்பட்டுவிடும். இடப்புறம் பார்த்தால் பாலாற்றின் அகன்ற மணற்பரப்பு. அதற்கு அப்பால் அக்கரையில், தென்னைகளுக்கிடையே ஒரு பழைய கோயிலின் மதில் தெரியும். அதுதான் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடம் ஆகையால் அப்பெயர். மூன்று ஆறுகள் என்றவுடன் வெள்ளப் பெருக்கைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் அதைக் கதை போலச் சொல்லுகிறார்கள்.

முஸ்லிம் பத்திரிகையில் கோயிலூரைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். பொறுத்திருங்கள்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். அக்காலத்தில் இவ்வூரின் பெயர் எனக்கு இரண்டு மதிப்பெண் வினாவாகவே அறிமுகம். "சோழர் காலத்து மருத்துவமனை எங்கிருந்தது?" என்று கேட்பார்கள். "திருமுக்கூடல், பதினைந்து படுக்கைகள்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவோம். அதன்பின் மதரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் அவ்வழியே பலமுறை போயும் இறங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு வேளை வந்தது. எங்கள் ஊரில் தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற புலவர் ஐயா துணைக்கு வந்தார். கல்வெட்டு எழுத்துப் படிக்கப் பயின்றவர். மதரஸா மாணவர் நால்வரும் உடன் வந்தனர்.

வாலாஜாபாத்தில் இறங்கிச் சிற்றுண்டி முடித்தோம். அவ்வூரின் பெயர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் வந்தது என்று மாணவர்களிடம் சொன்னேன். நாள்தோறும் பேருந்துப் பலகையில் படிக்கும் பெயருக்குள் ஒரு நவாப் இருக்கிறாரென்பது அவர்களுக்கு வியப்பாயிருந்தது. அங்கிருந்து பழையசீவரம் சென்று, ஆற்றுப் பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்தோம்.

கோயில் வேங்கடேசப் பெருமாள் பெயரால் அமைந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. வழிபாட்டிடத்தின் பக்கம் நாங்கள் செல்லவில்லை. எங்களுக்கு வேண்டியது சுவர்தான். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்டது அந்தக் கல்வெட்டு. 1915இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தபிறகே உலகம் அதை அறிந்தது. மிக நீண்ட கல்வெட்டு. புலவர் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரிகளின் மேல் விரலை ஓட்டி, படித்த இடங்களைப் பொருள் கூறிக்கொண்டே சென்றார்.

அங்கே ஒரு கல்விச்சாலை இருந்திருக்கிறது. வேதமும் இலக்கணமும் கற்பித்திருக்கிறார்கள். மாணவர்க்கு உணவும் தங்குமிடமும் உண்டு, படுக்கப் பாயுண்டு, சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெயும் உண்டு. இதைக் கேட்டவுடன் எங்கள் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எங்கள் மதரஸாவில் எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை!

அந்தக் கல்விச்சாலையை ஒட்டியே ஆதுலசாலை. ஆதுலர் என்றால் நோயாளர். வீரசோழன் என்னும் பெயர்கொண்ட அம்மருத்துவமனையில் பதினைந்து படுக்கைகள். மாணவர்களும் கோயிற் பணியாளர்களும் நோயுற்றால் அங்கே கிடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று: கடுக்காய் லேகியங்கள், ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், வில்வாதி நெய் எனச் சுமார் இருபது.

பிறகு பணியாளர். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமன் என்பார்க்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். அறுவை செய்பவர்க்கு முப்பது கலம். மூலிகை கொணர்வோர், நாவிதர், தண்ணீர் தருபவர் என ஒவ்வொருவர்க்கும் அளவு குறித்திருக்கிறது. அந்த வரிசையில் ஓரிடத்தில் புலவர் ஐயாவின் விரல் நின்றது.

"மௌலவி சாகிப், இங்கே பாருங்கள். நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்ய இரண்டு பெண்கள். இருவருக்கும் சேர்த்து முப்பது கலம், ஒரு காசு."

"அவர்கள் பெயர் இருக்கிறதா ஐயா?"

"மருத்துவர் பெயர் இருக்கிறது. இவர்கள் பெயர் இல்லை."

நான் அச்சுவரின் முன் நெடுநேரம் நின்றிருந்தேன். மாணவர்கள் ஆற்றுமணலுக்கு ஓடிவிட்டார்கள். என் நெஞ்சு சென்ற இடம் வேறு. அது மதீனத்து மஸ்ஜிதுந் நபவியின் முற்றம். அங்கும் நோயாளர்க்கென ஓர் இடம் இருந்தது. சுவரில்லை, கல்வெட்டில்லை. ஒரு கூடாரம் மட்டுமே. ஆனால் அதனை நடத்திய பெண்ணின் பெயர் இருக்கிறது.

ருஃபைதா (ரலியல்லாஹு அன்ஹா). அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627. மக்கத்துக் குறைஷிகளும் அவர்களோடு சேர்ந்த கோத்திரத்தாரும் பெரும்படையாய் மதீனாவை முற்றுகையிட்டார்கள். நகரைக் காக்க அகழ் தோண்டப்பட்டதால் அது அகழ்ப்போர் எனப்படுகிறது. அப்போரில் குறைஷி ஒருவன் எய்த அம்பு அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் பாய்ந்து பெருநரம்பை அறுத்துவிட்டது. குருதி நிற்கவில்லை. தாம் அருகிலிருந்து நலம் விசாரித்துக்கொள்ளும் பொருட்டு, மஸ்ஜிதிலேயே அவர்களுக்குக் கூடாரம் அமைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். அக்கூடாரம் யாருடையது என்பதைச் சீறா நூலாசிரியர் இப்னு இஸ்ஹாக் கூறுகிறார். காயம்பட்டோர்க்கு மருத்துவம் செய்வதையும், பார்ப்பார் இல்லாதவர்க்குப் பணிசெய்வதையும் இறைவனிடம் நற்கூலி நாடித் தம்மேல் ஏற்றுக்கொண்டிருந்த ருஃபைதாவின் கூடாரம் அது.

இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரத் என்னும் நூலில் இன்னொரு செய்தி உண்டு. அதைப் படிக்குந்தோறும் எனக்குக் கண் கசியும். மாலையில் அவ்வழியே செல்லும்போது, இம்மாலை எப்படியிருக்கிறீர் என்று ஸஃதைக் கேட்பார்களாம் நபி (ஸல்) அவர்கள். காலையில் செல்லும்போது, இக்காலை எப்படியிருக்கிறீர் என்று கேட்பார்களாம். அவர் தம் நிலையைச் சொல்வாராம். முற்றுகையின் களைப்பும் ஒரு நகரத்தின் பொறுப்பும் தோளில் இருந்த நாட்கள் அவை!

குறைஷிகளோடு இன்னும் போர் எஞ்சியிருந்தால் என்னை வாழவை. இல்லையேல் இக்காயத்தையே என் மரணத்திற்குக் காரணமாக்கு என்று ஸஃது (ரலி) இறைஞ்சினார்கள். ஆறிவந்த புண் ஓரிரவில் உடைந்தது. மஸ்ஜிதிலேயே அடுத்திருந்த கிஃபார் கோத்திரத்தார் கூடாரத்திற்குள் குருதி வழிந்து வந்தபோதுதான் அவர்கள் திடுக்கிட்டு, உங்களிடமிருந்து வருவது என்னவென்று கேட்டார்கள். ஸஃது (ரலி) அக்காயத்தாலேயே ஷஹீதானார்கள். அவர்கள் மரணத்திற்காக இறைவனின் அர்ஷ் அசைந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. ருஃபைதாவின் கைகளால் ஸஃது பிழைக்கவில்லை. மருத்துவம் தோற்ற இடத்திலும் பணிவிடை தோற்கவில்லை. சரித்திரம் அப்பெண்மணியை நினைவில் வைத்தது அதற்காகத்தான்.

அவர்களைப் பற்றி இக்கால நூல்கள் விரிவாக எழுதுகின்றன. மாணவியரைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார்கள், ஒழுக்க விதிகள் வகுத்தார்கள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். பழைய நூல்களில் இருப்பவை சில வரிகளே. இப்னு ஸஃது தம் தபகாத்தில் குஅய்பா பின்த் ஸஃது என்னும் அஸ்லம் கோத்திரப் பெண்மணிக்கு மஸ்ஜிதில் இதே கூடாரம் இருந்ததாகவும், அவர்கள் கைபர் போருக்குச் சென்று, ஆண் வீரர் ஒருவரின் பங்களவு பெற்றதாகவும் எழுதுகிறார். இருவரும் ஒருவரே என்பாரும் உண்டு, சகோதரிகள் என்பாரும் உண்டு. எனக்கு அந்தச் சில வரிகளே போதுமானவை. இல்லாததைச் சேர்த்து அழகுபடுத்தவேண்டிய வாழ்வன்று அது.

அவர்கள் தனியாகவும் இல்லை. உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் உணவு சமைத்தும் காயமுற்றோரைக் கவனித்தும் பணியாற்றினார்கள். ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்தார்கள், காயத்திற்கு மருந்திட்டார்கள். உஹதில் நபி (ஸல்) அவர்களின் முகத்துக் குருதியை மகளார் ஃபாத்திமா (ரலி) கழுவக் கழுவ அது பெருகவே, பாயின் துண்டொன்றை எரித்துச் சாம்பலை அப்பி நிறுத்தினார்கள். இமாம் புகாரி தம் நூலின் ஜிஹாத் பகுதியில், பெண்கள் காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்தல் என்று தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். இப்பாடத்தை நான் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறேன்.

ஓதிக்கொடுக்கிறேன் என்று சொல்லும்போதே நாவு கூசுகிறது. காரணத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஓதிய பெண்பிள்ளை ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். அவள் தந்தை ஒருநாள் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பிள்ளை நர்ஸ் படிப்புக்குப் போகணும் என்கிறாள். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார். எனக்கு அப்போது முப்பது வயது. இரவுப் பணி, அந்நிய ஆடவர், உடை என்று மூன்று காரணம் சொன்னேன். "நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள்" என்றேன். கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் யோசித்தார். அவ்வாண்டே அவளுக்கு நிக்காஹ் நடந்தது. நானே சென்று குத்பா ஓதினேன். அப்பகலில் என் நெஞ்சில் ஒரு முள்ளும் தைக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் 23 நாட்கள் கிடந்தார்கள். ஐவேளைத் தொழுகை தவறாத மனுஷி. துணி மாற்றப் பிறர் கை பட்டாலே கூசிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இரவுப் பணியில் ஒரு கிறித்தவச் சகோதரி இருந்தார். மூன்றாம் நாளே, அம்மாவுக்குத் தயம்மும் செய்யச் சுத்தமான மண் வேண்டுமென்பதை அறிந்து, ஒரு தட்டில் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் கிப்லா என்று என்னிடம் கேட்டுக் கட்டிலைத் திருப்பிப் போட்டவரும் அவரே. அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக. ஒருநாள் பஜ்ருக்கு முன் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ஏம்ப்பா, நம்ம பிள்ளைங்க யாருமே இந்த வேலைக்கு வர்றதில்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா மறைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

அன்று நான் கூறிய மூன்று காரணங்களும் பொய்யென்று இன்றும் சொல்லமாட்டேன். பெண்ணைப் பெற்றவர்க்கு அச்சம் இருக்கத்தான் செய்யும். பணியிடத்தின் பாதுகாப்பு, போக்குவரத்து, தலைமறைப்பு இவற்றையெல்லாம் விசாரித்தே சேர்க்கவேண்டும். என் பிழை எதுவென்றால், காரணங்களைச் சொன்ன நான் ருஃபைதாவைச் சொல்லவில்லை. என்னிடம் வந்தவர் கேட்டது ஊராரின் கருத்தையல்ல, தீனின் கருத்தை. ஊராரின் கருத்துக்கு நான் தீனின் சட்டையை மாட்டி அனுப்பிவிட்டேன். தில்லியில் ஜாமிஆ ஹம்தர்தில் செவிலியர் கல்லூரிக்கு ருஃபைதாவின் பெயரையே வைத்தார்கள். அதுவும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

திருமுக்கூடலிலிருந்து திரும்பும்போது பாலத்தின்மேல் புலவர் ஐயா கேட்டார்: "என்ன மௌலவி சாகிப், வந்ததிலிருந்து பேச்சே இல்லை?" ஒரு வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது என்றேன்.

மறுவாரம் என் மனைவியை அழைத்துக்கொண்டு அப்பெண்ணின் வீட்டிற்குச் சென்றேன். மாமியார் படுக்கையில். அவரைத் துடைத்து, உடை மாற்றிச் சாய்த்து உட்காரவைத்திருந்த நேர்த்தியை என் மனைவிதான் உள்ளே சென்று பார்த்து வந்து சொன்னாள். அத்தெருவில் முதியோர் யாருக்குச் சர்க்கரை ஊசி போடவேண்டுமானாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று உன் தந்தைக்கு நான் சொல்லியிருக்கவேண்டியது வேறு என்றேன்.

அவள் திரைக்குப் பின்னால் சற்று மௌனமாயிருந்தாள். பிறகு, "அத்தா உங்களைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் விண்ணப்பத்தாளைப் பூர்த்தி பண்ணி வைத்திருந்தேன் ஹஜ்ரத். கையெழுத்து மட்டுந்தான் பாக்கி" என்றாள். குறை கூறும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கடினமாயிருந்தது.

தேநீர் வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் தட்டை வைத்துவிட்டு நின்றாள். ருஃபைதாவின் கூடாரத்தையும் திருமுக்கூடலின் இரண்டு பெண்களையும் அக்குழந்தைக்குச் சொன்னேன். "அந்தப் பதினைந்து படுக்கையும் இப்போ இருக்கா?" என்று கேட்டாள். இல்லையம்மா, எழுத்து மட்டும் இருக்கிறது என்றேன்.

புறப்படும்போது அவள் தாய் சொன்னாள்: "இவள் விஷயத்தை இவள் அத்தாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் ஹஜ்ரத். ரமலானுக்கு ஊருக்கு வருகிறார்."

வருகிறார். இன்ஷா அல்லாஹ், முதல் ஜும்ஆவிலேயே சந்தித்துவிடுவேன்.