காவிரியைக் கடக்க மூன்றாண்டுகள்

தஞ்சையில் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளியை அடைந்துவிடலாம். அந்தச் சிறு தொலைவைக் கடக்க என் லாத்தாவுக்கு மூன்றாண்டுகள் பிடித்தன.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் திருச்சியில் எங்கள் சாச்சி மௌத்தானார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டியிருந்த காலம் அது. தம்மைத் தாயைப்போல் வளர்த்தவரின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் வாய்ப்பு லாத்தாவுக்குக் கிட்டவில்லை. ஆகஸ்டுடன் இ-பாஸ் முறை முடிந்தது. செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் ஓடத் தொடங்கின. லாத்தாவோ வாசற்படி தாண்டவில்லை. மறு ஆண்டு இரண்டாம் அலையில், அவருக்குத் தமிழ் கற்பித்த ஸ்ரீரங்கத்து ஆசிரியையின் கணவர் காலமானார். அங்கும் செல்லவில்லை. தடுப்பூசி போட்ட பின்பும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தம்பி" என்பதே பதிலாயிற்று.

கொரோனா குறித்த உலகளாவிய அவசர நிலை முடிந்ததென 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு ஹஜ்ஜில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். 2020இல் சவூதியில் வாழ்வோருள் ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே ஹஜ் செய்ய முடிந்தது என்பதை நினைத்தால், இது எத்துணை பெரிய மாற்றம்! அச்செய்தியைக் காட்டித்தான் ஜூலையில் லாத்தாவைப் பேருந்தில் ஏற்றினேன்.

வழியில் அவர் கேட்டார்: "கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கும்போது, நான் வராமலிருந்தது எப்படித் தவறாகும்?"

நியாயமான கேள்வி. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது, அங்கே அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்தார்கள். தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என அபூஉபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குச் செல்லவும் வேண்டாம், இருக்கும் ஊரில் அது தோன்றினால் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தது அப்போதுதான்.

பலரும் அத்துடன் நிறுத்திவிடுகிறோம். நோய் தணிந்தபின் உமர் (ரலி) அவர்கள் மீண்டும் சிரியா சென்று, இறந்தோரின் சொத்துகளை வாரிசுகளுக்குப் பங்கிட ஏற்பாடு செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதியிருக்கிறார். திரும்பி வந்தது எச்சரிக்கை. மீண்டும் சென்றது கடமை. இதைச் சொன்னதும் லாத்தா நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தவாறிருந்தார்.

நோயச்சமும் பயணமும் திருச்சிக்குப் புதியவையல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்க்கும் தொழிலாளர் ஆணையகம் 1904இல் இந்நகரில்தான் அமைந்தது. அவ்வாறு சென்ற ஏழை மக்கள், பின்னாளில் மண்டபம் முகாமில் சில நாட்கள் தனித்து வைக்கப்பட்ட பிறகே கடல் கடக்க விடப்பட்டனர். பிளேக், காலரா பற்றிய அச்சமே அதற்குக் காரணம். 1994இல் சூரத்தில் பிளேக் தோன்றியபோது இறந்தோர் அறுபதுக்கும் குறைவு. ஊரைவிட்டு ஓடியோரோ பல இலட்சம். வளைகுடா நாடுகள் பலவும் இந்திய விமானங்களைத் தடுத்தன.

அச்சம் முற்றினால் பயணியையே குற்றவாளியாக்கிவிடும். 2020இல் டில்லி நிஜாமுத்தீன் சென்று வந்தோர் மீதும், அவர்களை முன்னிட்டு நம் சமுதாயத்தின் மீதும் எத்தகைய பழி விழுந்தது! அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் பயணிகள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் எனக் கூறிற்று. அன்று நம்மைக் கண்டு பிறர் ஒதுங்கியதற்கு மனம் வெதும்பிய நாமே, நம் உறவினரைக் கண்டு ஒதுங்கலாமா?

சாச்சியின் வீட்டில் லாத்தாவைக் கண்டதும் தங்கை அழுதாள். குறை ஒன்றும் கூறவில்லை. சாச்சியின் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து வந்து, "உங்களுக்கென்று வைத்திருந்தேன், லாத்தா" என்றாள். வராத மூன்றாண்டுகளின் பாரம் அப்போதுதான் லாத்தாவுக்கு முழுமையாய் விளங்கியிருக்க வேண்டும்.

அஸருக்குப் பின் ஸ்ரீரங்கம் புறப்பட்டோம். வழியில் நத்ஹர் வலி தர்காவைக் கண்டோம். 1795இல் சென்னையில் மறைந்த ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அடங்கியிருப்பது இங்கேதான். காவிரிப் பாலத்தைக் கடந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாய்க் கிடக்கும் ஸ்ரீரங்கம். 1987இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரம் தொலைவிலிருந்தே தெரிகிறது. துலுக்க நாச்சியாருக்கெனச் சந்நிதி அமைத்து ரொட்டி படைக்கும் கோயில் இது. 2020இல் தர்காவும் பெருங்கோயிலும் ஒன்றுபோல் மூடிக்கிடந்தன. செப்டம்பர் 1 முதலே பக்தர்களுக்குத் திறந்தன. நாங்கள் சென்ற மாலையில் வீதிகளில் கால்வைக்க இடமில்லை. லாத்தா முகக்கவசத்தைச் சரிசெய்து கொண்டார். ஆனால் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

வயது முதிர்ந்த ஆசிரியை கதவைத் திறந்தார். "மன்னித்து விடுங்கள், டீச்சர். பயந்துகொண்டே இருந்துவிட்டேன்" என்றார் லாத்தா. "நானுந்தான் பயந்தேன், அம்மா. யாராவது கதவைத் தட்டினால் திறக்கப் பயம், யாரும் தட்டாவிட்டால் அதைவிடப் பயம்" என்றார் அவர். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தனர்.

அன்புச் சகோதர சகோதரிகளே! மருத்துவர் தடுத்தால் நிற்போம், அதுவும் நபிவழியே. தடை நீங்கியபின் நம் வருகைக்காகக் காத்திருக்கும் வீடு எதுவென எண்ணிப் பார்ப்போம். உறவைப் பேணுவதும் நபிவழியன்றோ! அச்சம் முழுதும் அகலட்டும் என்று நாம் காத்திருக்கலாம். அதுவரை மௌத் காத்திருப்பதில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நோய்களிலிருந்தும் வீண் அச்சத்திலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.